பவானி மகள் கொளஞ்சி

கீரப்பாளையம்
28.9.2025, ஞாயிறு

அன்பு மகன் தமிழ்மணிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்த டப்ளின் மழையில் தலை நனையாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது, இனிமேல் சண்டைக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் என் வேலைச் செயலியைப் பற்றி ஆரம்பித்தேன், நினைவிருக்கிறதா? இரண்டு வாக்கியம்கூட முடிக்கவில்லை, நீ சிரித்துக்கொண்டே, புதுசா மாத்துனா எல்லாரும் முதல்ல இப்படித்தாம்மா கத்துவாங்க, ரெண்டு வாரத்துல பழகிடும் என்றாய். அதோடு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்தும் விட்டாய். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், கடிதத்தில் அது முடியாது, அதனால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேனாவை எடுத்திருக்கிறேன். இது வந்து சேரப் பத்து நாளோ பதினைந்து நாளோ ஆகும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். ஆகட்டும், அதற்குள் என் கோபம் ஆறிவிடும் என்று மட்டும் நினைக்காதே.

நான் அங்கன்வாடியில் சேர்ந்தபோது நீ என் இடுப்பில் இருந்தாய். இருபத்தெட்டு வருஷம். ஒவ்வொரு மாதமும் எடை போடும் நாளில் வடக்குத் தெரு முனையில் ஆரம்பித்துத் தெற்குத் தெரு பம்புசெட்டு வரைக்கும் வீட்டு வரிசைப்படிதான் பிள்ளைகளைக் கூப்பிடுவேன். நோட்டிலும் அதே வரிசைதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நோட்டை நிறுத்திப் போனைக் கையில் கொடுத்தபோதும் நான் முகம் சுளிக்கவில்லை, நீதான் லீவில் வந்து சொல்லிக் கொடுத்தாய், மூன்றே நாளில் கற்றுக்கொண்டேன். அப்போதும் நான் பிள்ளைகளைத் தெரு வரிசைப்படியே ஏற்றினேன், செயலியும் ஏற்றிய வரிசையிலேயே காட்டியது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தாயும் பிள்ளையுமாக ஒரு போட்டோ, கீழே அப்பன் பெயர். எடை போட்டு எழுதிவிட்டுக் கட்டைவிரலை ஒரு தள்ளு தள்ளினால் அடுத்த வீடு. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று சொன்னால் நம்பு. நம் ஊரில் பாதி வீட்டுக்குக் கொளஞ்சியப்பர்தான் குலதெய்வம் என்பதும், ஆணோ பெண்ணோ தலைப்பிள்ளைக்கு அவர் பெயரைத்தான் வைப்போம் என்பதும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கோயிலில் உனக்கு வைத்த பெயரே அதுதானே, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் அப்பா தமிழ்மணி என்று மாற்றினார். என் மையத்தில் இப்போது ஐந்து கொளஞ்சி இருக்கிறார்கள். வீட்டு வரிசை தெரிந்தவளுக்கு அதில் ஒரு குழப்பமும் கிடையாது.

ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் போனைத் திறக்கிறேன், செயலி வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. புதுப்பொலிவு என்று ஒரு வரவேற்பு வேறு. வீட்டு வரிசை போய்விட்டது, எல்லாம் இங்கிலீஷ் அகரவரிசையாம். போட்டோ போய்விட்டது, அதற்குப் பதிலாக ஒரு வட்டத்துக்குள் முதல் எழுத்து. ஐந்து கொளஞ்சிக்கும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஐந்து ஊதா வட்டம், அத்தனையிலும் ஒரே எழுத்து. அப்பன் பெயர் வேண்டுமென்றால் எறும்பு அளவு அம்புக்குறி ஒன்று இருக்கிறது, அதைத் தட்டினால் விரியும், என் விரலுக்கு அது பத்துத் தரத்தில் மூன்று தரம் சிக்கும். எல்லாவற்றையும்விட எனக்கு வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா, ரொம்பவும் மெலிந்த பிள்ளைகளுக்கு முன்பு ரத்தச் சிவப்பாக ஒரு புள்ளி வரும், அதையும் மாற்றிவிட்டார்கள். சிவப்பு பார்ப்பவர்களைப் பயமுறுத்துகிறதாம், அதனால் இளம் ரோஜா நிறம். நன்றாக இருக்கிற பிள்ளைக்கு வெளிர் மஞ்சள். மத்தியான வெயிலில் வேப்பமரத்தடியில், கீறல் விழுந்த போன் கண்ணாடியில், ரோஜா எது மஞ்சள் எது? பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படத்தானே ஐயா அந்தப் புள்ளி! பயமில்லாமல் பார்க்க நான் என்ன புடவைக் கடையிலா உட்கார்ந்திருக்கிறேன்?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் மாத எடை நாள். நூறு தடவை செய்த வேலை, தெரு வரிசைப்படி கூப்பிட்டேன். வடக்குத் தெருவில் பவானி இருக்கிறாளே, உன்னோடு ஐந்தாவது வரை படித்தவளின் தங்கை, அவள் மகள் கொளஞ்சி வந்தாள். ஒரு வயது பத்து மாதம். அது பிறந்ததிலிருந்தே நோஞ்சான், மாதாமாதம் சிவப்பு, மெலிந்த பிள்ளைகளுக்கென்று தனியாக வருகிற சத்துப் பாக்கெட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. தராசில் ஏழு கிலோ இருநூறு. எப்போதும் வடக்குத் தெருக் கொளஞ்சிதான் முதல் கொளஞ்சி, என் கட்டைவிரல் முதல் கொளஞ்சியைத் தட்டியது. அதற்கப்புறம் டீக்கடை வீட்டுக் கொளஞ்சி வந்தான், அதே வயது, உருண்டையாகப் பதினொன்று நானூறு, விரல் அடுத்த கொளஞ்சிக்குப் போனது. பிள்ளை பெயர் ஒன்றாக இருந்தால் அப்பன் பெயர்ப்படி அடுக்கும், இங்கிலீஷ் அகரவரிசையில் டீக்கடைக்காரர் பெயர் முன்னால் வருகிறது என்று என் விரலுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பிள்ளைகளின் எடையும் இடம் மாறிவிட்டது. ஒரே மாதத்தில் ஒரு பிள்ளை நாலு கிலோ இளைத்து இன்னொன்று நாலு கிலோ பெருத்தால் அந்தச் செயலிக்கு ஒரு சந்தேகம் வர வேண்டாமா? முன்பு வரும். இந்த எடை சரியா என்று ஒரு கேள்வி கேட்டு நிறுத்தும். புதியதில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள், எங்களுக்கு ஒரு தட்டு மிச்சமாம். கேள்விக்குப் பதிலாக, முடித்ததும் திரை முழுக்கக் கலர்க் காகிதம் பறந்து, அருமை என்று வந்தது. நானும் மகிழ்ந்துபோய் வீட்டுக்கு வந்தேன், அந்த அருமையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

எடை போட்டு மூன்றாவது வாரம் டாக்டர் வண்டி வந்தது. ரொம்பவும் மெலிந்தவர்கள் என்று செயலி கொடுக்கிற பட்டியலில் இருக்கிற பிள்ளைகளை மட்டும்தான் அவர்கள் பார்ப்பார்கள். கொளஞ்சி என்று கூப்பிட்டதும் லோகநாயகி, அதுதான் எங்கள் மையத்தில் சமைக்கிறவள், டீக்கடைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், பட்டியலில் அவன் அப்பன் பெயர்தான் இருந்தது. டாக்டரம்மா அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பின்னாலேயே டீக்கடைக்காரர் வந்து, எம்புள்ளைய நோஞ்சான்னு எழுதிட்டியா டீச்சர், கடைக்கு வர்றவன்லாம் இனிமே பாலு தண்ணின்னு பேசுவான் என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் போனைத் திறந்தேன். இவன் பட்டியலில் இருந்தால் பவானியின் மகள் எங்கே? மஞ்சளில் இருந்தாள். நல்லபடியாக வளர்கிற பிள்ளை என்று, பாக்கெட் கொடுக்கிற சுகாதார நிலையத்தில் அந்த மாதம் அவளுக்கு நிறுத்தியிருந்தார்கள். வீட்டுக்கு ஓடினேன், பூட்டு. பதினெட்டு நாளாக அவள் அண்ணாகிராமத்தில் அக்கா வீட்டோடு தங்கி முந்திரி உடைக்கப் போயிருக்கிறாள், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு. பக்கத்து வீட்டில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது, பாக்கெட்டு இந்த மாசம் இல்லன்னுட்டாங்க, கொழந்த தேறிடுச்சாம், கம்ப்யூட்டரே சொல்லிடுச்சாமே டீச்சர், அந்தச் சந்தோசத்துலதான் தூக்கிட்டுப் போனா என்று.

திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். முன்பு பெயருக்குப் பக்கத்தில் பென்சில் படம் இருக்கும், தட்டினால் திருத்தலாம். பென்சிலைக் காணோம். மேலே மூன்று புள்ளி, அதற்குள் இன்னொரு பட்டியல், அதற்குள் கோரிக்கை அனுப்பு. அனுப்பினேன். மேற்பார்வையாளர் சத்யப்பிரியா மேடத்துக்குப் போகும் என்றது. அவரைக் கூப்பிட்டால், என் ஸ்கிரீனும் மாறிடுச்சு டீச்சர், கோரிக்கைல்லாம் எங்க போய் உட்காருதுன்னு எனக்கே தெரியல என்கிறார். உதவி எண்ணுக்கு அடித்தேன், பொறுமையாகக் காத்திருப்பதற்கு நன்றி என்று ஒரு பெண் குரல் பதினொரு தடவை சொன்னது, என்னிடம் பொறுமை இருப்பதாக அதற்கு யார் சொன்னது? கடைசியில் ஒருவன் எடுத்து, செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னான். நாலு நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் ஞாயிறு. நீ போய்ப் பாத்துட்டு வந்துடு, இங்க நா பாத்துக்கிறேன் என்றார் அப்பா. தொங்கும் தராசையும் பிள்ளையின் மேல்கையைச் சுற்றி அளந்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று காட்டுகிற நாடாவையும் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூர், அங்கிருந்து பண்ருட்டி, அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ. முந்திரிக் கொட்டகையில் பவானி கையெல்லாம் கொட்டைத் தோட்டின் பால் பட்டுக் கருத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை ஒரு சாக்கின் மேல் படுத்திருந்தது. என்னைக் கண்டால் என் கண்ணாடியைப் பிடுங்க வருகிற பிள்ளை, தலையைக்கூடத் தூக்கவில்லை. கூரைக் கம்பில் தராசைக் கட்டித் தொங்கவிட்டேன். ஆறு எண்ணூறு. நாடாவைக் கையில் சுற்றினேன், சிவப்பு. நல்லவேளை, அந்த நாடாவில் இன்னும் யாரும் கை வைக்கவில்லை.

பவானி என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. கம்ப்யூட்டர்ல தேறிடுச்சுன்னு போட்டிருந்துதே டீச்சர், நான் ஏதும் தப்பா ஊட்டிட்டனா என்று என்னையே கேட்டாள். அந்த இடத்தில் நான் அழுதேன் தம்பி, மறைக்க என்ன இருக்கிறது. தப்பு உன்மேல இல்லடி, எழுதுனது நான்தான், மாத்தி எழுதிட்டேன் என்று அத்தனை பெண்கள் முன்னாலும் சொன்னேன். அன்று சாயங்காலமே இருவரையும் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். அங்கே இருந்த நர்ஸ் எந்தச் செயலியையும் திறக்கவில்லை, நாடாவைப் பார்த்தார், வீக்கம் இருக்கிறதா என்று பிள்ளையின் காலில் விரலை அழுத்திப் பார்த்தார், கட்டில் கொடுத்துவிட்டார். பதினாறு நாள். தினமும் மையம் முடிந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், முதல் வாரம் முழுக்கத் தூக்கமில்லை.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு மெமோ. எடைப் பதிவில் தவறு, காரணம் பயனாளர் தவறு, விளக்கம் தரவும். சத்யப்பிரியா மேடம் நல்ல பெண்தான், மெதுவாகத்தான் சொன்னார், உங்களுக்கும் வயசாகுதுல்ல டீச்சர், கண்ணு கிண்ணு டெஸ்ட் பண்ணிக்கங்க என்று. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு பிள்ளையின் எடையை நான் தப்பாக எழுதியது கிடையாது. வெள்ளத்தில் நோட்டு நனைந்த வருஷம்கூட மனப்பாடமாகச் சொல்லி மறுபடி எழுதினேன். விரல் என்னுடையதுதான், அதை நான் யாரிடமும் மறுக்கவில்லை, மெமோவுக்குப் பதிலிலும் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன். ஆனால் ஐந்து கதவுக்கும் ஒரே நிறம் அடித்து, வீட்டு எண்ணை அழித்து, வாசலில் இருந்த போட்டோவையும் கழற்றிவிட்டு, தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்டாய் என்று என் பெயரை மட்டும் எழுதினால் அது என்ன நியாயம்? அந்தக் கதவுக்கு நிறம் அடித்தவன் பெயர் எந்த மெமோவிலும் இல்லையே.

பத்து நாளுக்கு முன்னால் கடலூரில் எங்கள் எல்லாருக்கும் கூட்டம். செயலி செய்த கம்பெனியிலிருந்து ஆரோக்கிய ஜெகன் என்று ஒரு பிள்ளை வந்திருந்தான், கடலூர்ப் பையன்தான், உன் வயது இருக்கும். பெரிய திரையில் படம் போட்டு, முன்னாடி ஒரு பதிவுக்கு ஏழு தட்டு டீச்சர், இப்ப நாலே தட்டு என்றான். கடைசியில் எங்கள் எல்லாரிடமும் கருத்துக் கேட்டான், சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம், ஏதாவது ஒன்றைத் தட்ட வேண்டுமாம். நான் எழுந்தேன். தம்பி, கொஞ்சம் வெளிய வரியா என்றேன். மணி பன்னிரண்டு இருக்கும். என் போனை அவன் கையில் கொடுத்தேன். வரிசையில நிக்கிற இருபது தாய்மாருங்க கத்துறதா நெனச்சுக்க, ஒரு கையில தராசு பிடிச்சிருக்கறதா நெனச்சுக்க, வடக்குத் தெரு பவானி மக கொளஞ்சிய எடுத்துக் காட்டு, பவானி வீட்டுக்காரர் பேரு ராஜேந்திரன் என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கினான். திரையை நிழலுக்குத் திருப்பினான், வெயிலுக்குத் திருப்பினான், அந்த அம்புக்குறியை இரண்டு தடவை தவறவிட்டான். கூட்டத்திலிருந்து பதினைந்து பேர் வெளியே வந்து நின்று பார்க்கிறார்கள். கடைசியில் ஒன்றைத் தட்டிக் காட்டினான். டீக்கடைக் கொளஞ்சி.

நான் நாடாவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன், சிவப்பு மேலே தெரிகிற மாதிரி. நடந்ததை முழுக்கச் சொன்னேன். அந்தக் கொழந்த இப்ப எப்படிம்மா இருக்கு என்று கேட்டான். தமிழ்மணி, இத்தனை நாளில் கோரிக்கை, மெமோ, விளக்கம் என்று எத்தனை பேரிடம் பேசியிருப்பேன், அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். அதற்கு மேல் அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து பவானி மகளைப் பட்டியலில் திரும்ப ஏற்றிவிட்டுத்தான் போனான். அப்பன் பெயரையும் போட்டோவையும் வெளியே கொண்டுவருகிறோம், சிவப்பையும் கேட்டுப் பார்க்கிறேன் என்று நோட்டில் எழுதிக்கொண்டான், இதுவரை ஒன்றும் வரவில்லை. மெமோவையும் இன்னும் யாரும் திரும்ப வாங்கவில்லை. நான் இப்போது பழையபடி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வீட்டு வரிசைப்படி எழுதிவிட்டு, அதைப் பார்த்துத்தான் போனில் ஏற்றுகிறேன். அவர்கள் மிச்சம் பிடித்துக் கொடுத்த மூன்று தட்டுக்கு எனக்கு ஒரு மணி நேரம் கூடுதல் வேலை.

நம் வீட்டுச் சேதி, வீராணம் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டது, அப்பா நாற்று விட்டிருக்கிறார், குனியாதே என்றால் கேட்பதில்லை. புரட்டாசி என்பதால் வீட்டில் மீன் இல்லை, பூனை என்னை முறைத்துக்கொண்டே திரிகிறது. உனக்கு மிளகாய்ப்பொடியும் புளியும் கட்டி வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் யாராவது இருந்தால் சொல். நேற்று பவானி மகளை எடை போட்டேன், ஏழு தொள்ளாயிரம். நாடாவில் சிவப்பைத் தாண்டி மஞ்சளுக்கு வந்துவிட்டாள், என் கண்ணாடியைப் பிடுங்கிக் கீழே போட்டாள், அதன் ஒரு பக்கக் காதுக் கம்பி உடைந்துவிட்டது, உடையட்டும்.

நீயும் திரை வரைகிற வேலைதான் பார்க்கிறாய். போன வருஷம் ஒரு பேங்கு செயலியை முழுசாக மாற்றினோம் என்று போட்டோ அனுப்பினாய், நான் எல்லாருக்கும் காட்டிப் பெருமைப்பட்டேன். அதைத் திறந்த அன்றைக்கு அந்த ஊரில் எந்த அம்மாவின் விரல் எங்கே போய் விழுந்ததோ, அவள் மகனும் சிரித்துக்கொண்டே பழகிடும்மா என்று சொல்லியிருப்பானோ என்று இப்போது எனக்கு உறுத்துகிறது. உன்னை நான் குற்றம் சொல்லவில்லை, ஆனால் நீ அதை யோசிக்காமல் இருந்தால் எனக்கு வருத்தம்தான். உடம்பைப் பார்த்துக்கொள். கொளஞ்சியப்பர் உனக்கு நல்ல ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும், சீக்கிரம் ஒரு நல்ல இடத்தில் கல்யாணமும் கூடி வரட்டும். மறந்துவிடாதே, தை மாதம் லீவில் வரும்போது ஒரு நாளை எனக்கென்று ஒதுக்கி வை. எடை நாளன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மைய வாசலில் உன்னை நிறுத்தி இந்தப் போனைக் கையில் கொடுப்பேன். பவானி மகள் கொளஞ்சியைத் தேடி எடுத்து எனக்குக் காட்டு. காட்டிவிட்டாய் என்றால், அப்புறம் பழகிடும் என்று சொல், நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா
சௌந்தரம்